பிள்ளையோட தனியா இருக்கிறவங்க மதுரையில கச்சேரிக்குப் போக முடியுமா?

கேள்வி – 2024 அக்டோபர் 4

கொஞ்ச வருசமா நானும் என் மகளும் மட்டும்தான். ஆபீஸ், ஸ்கூல், டியூசன், வீடு. கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டுக் கச்சேரி எங்க நடந்தாலும் போய் உக்காந்துருவேன். இப்ப பக்கத்துத் தெரு கல்யாணத்துல நாயனம் கேட்டாலே தொண்டை அடைக்குது. அம்மா "பிள்ளை வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"ங்கிறாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. தனியா பிள்ளை வளர்க்கிறவங்களுக்கு நேர்ல பாட்டு கேக்கிறது பத்து வருசத்துக்குக் கிடையாது, அதுவும் மதுரையில. சென்னைன்னா பரவாயில்ல. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

பதில் – 2024 அக்டோபர் 4, இரவு

மறுக்கிறேன். பத்து வருசம் பொறுக்கச் சொல்றவங்க யாரும் அந்தப் பத்து வருசத்தைத் திருப்பித் தரப் போறதில்ல.

நான் கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்தக் கடையில கணக்கு எழுதுறேன். வீடு ஜெய்ஹிந்துபுரம். பையன் ரெண்டாப்பு. அவனுக்கு மூணு வயசுல நாங்க பிரிஞ்சோம்.

மதுரையில இல்லங்கிறீங்க. இன்னைக்கு நவராத்திரி ரெண்டாம் நாள். சாயங்காலம் மீனாட்சி கோயிலுக்குள்ள போய்ப் பாருங்க. கொலு மண்டபத்துல அம்மன் தினம் ஒரு அலங்காரத்துல இருப்பா. அந்த நாள் பூராவும் கோயிலுக்குள்ள பாட்டு, வீணை, பரதம்னு நடக்கும். தரையில உக்காரலாம், பிடிக்கலேன்னா எந்திரிச்சு நடக்கலாம். டிக்கெட் கிடையாது. பிள்ளைங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. சென்னையில சபா சபாவா இருக்கு, சரி. கையில பிள்ளையோட உள்ள போய் வெளிய வர்ற மாதிரி இடம் நம்ம ஊர்லதான் அதிகம்.

2024 அக்டோபர் 6

"பிள்ளை அழுதா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே"ன்னு கேட்டிருக்கீங்க. அப்படின்னா திரும்பிப் பாக்காத இடத்துலேருந்து ஆரம்பிங்க. மீனாட்சி கோயில் பள்ளியறை பூசை. இது நவராத்திரிக்கு மட்டும் இல்ல, தினமும் உண்டு. ராத்திரி நடை சாத்துறதுக்கு முன்னாடி, ஒன்பது ஒன்பதரை வாக்குல. சொக்கநாதரோட திருவடியைப் பல்லக்குல வச்சு சுவாமி சன்னதியிலேருந்து அம்மன் சன்னதிக்குக் கொண்டு போவாங்க. கூடவே நாயனமும் தவிலும். பகல் கூட்டம் வடிஞ்சிருக்கும். கல்லுத் தரை சூடு ஆறி, கால் வைக்க இதமா இருக்கும்.

பிரிஞ்சதுக்கப்புறம் நான் முதமுதல்ல நேர்ல கேட்டது அங்கதான். கடையில கணக்கு முடியத் தாமதமாச்சு. பையனை அம்மா கடைக்கே கொண்டுவந்து விட்டுட்டு மேலூர் பஸ் ஏறிட்டாங்க. வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கணும்னு நெனச்சாலே ஒரு மாதிரி இருந்துச்சு. கோயில் பக்கம் திரும்பிட்டேன்.

நாயனக்காரர் சீவாளியை, அதான் ஊதுற நாணல் துண்டை, வாயில வச்சு நனைச்சுக்கிட்டே நின்னாரு. தவில்காரர் தூண் ஓரமா நின்னு வலது கை விரல்ல ஒவ்வொண்ணா கூடு மாட்டினாரு. துணியும் பசையும் சேத்து இறுக்கிக் காய வச்சது, தொப்பி மாதிரி ஒவ்வொரு விரலுக்கும் ஒண்ணு. பையன் அவர் முன்னாடி போய் நின்னு, "இது எதுக்கு? விரல்ல காயமா?"ன்னு கேட்டான். அவரு சிரிக்கல. மாட்டின விரலால தவில்ல ஒரு தட்டு, மாட்டாத விரலால ஒரு தட்டு, "இப்ப கேட்டியா?" அம்புட்டுதான். இவன் அதுக்கப்புறம் பல்லக்கு போற வழியெல்லாம் அவர் விரலை மட்டும் பாத்துக்கிட்டே நடந்தான். நான் நாயனத்தைக் கேட்டுக்கிட்டே நடந்தேன். நீலாம்பரி. தூங்கப் பண்ற ராகம்னு சொல்வாங்க. எனக்குத் தூக்கம் வரல, பசி வந்துச்சு. அதுவும் நல்ல பசி. ரொம்ப நாளா சோத்தை மருந்து மாதிரி முழுங்கிக்கிட்டு இருந்தவளுக்கு. மேலமாசி வீதி பக்கம் ராத்திரிக் கடையில ரெண்டு பேரும் உக்காந்து இட்லியும் மூணு வகைச் சட்னியும் சாப்பிட்டோம். தூங்கா நகரம்னு நம்ம ஊருக்குப் பேரு வச்சவங்க பிள்ளையோட தனியா இருக்கிறவங்களுக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்காங்க. பத்து மணிக்கும் கடை உண்டு, வெளிச்சம் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு.

2024 அக்டோபர் 7

ஒரு எச்சரிக்கை. கோயிலுக்குள்ள செல்போன் கிடையாது. 2018 பிப்ரவரி தீ விபத்துக்கப்புறம் ஹைகோர்ட் உத்தரவுல நிறுத்தினது. வாசல்ல கொடுத்துட்டுத்தான் போகணும். பிள்ளையை யார்கிட்டயாவது விட்டுட்டு வந்திருந்தா அந்த ஒரு மணி நேரம் உங்களைக் கூப்பிட முடியாது. அதனால கோயிலுக்குப் பிள்ளையோட போங்க. தனியாப் போறதா இருந்தா போன் கையில இருக்கிற இடமாப் பாத்துக்கோங்க.

2024 அக்டோபர் 19

சபாவுக்கு வர்றேன். தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹால்ல சத்குரு சங்கீத சமாஜம் கச்சேரி வைக்குது. ராஜா முத்தையா மன்றத்துல தமிழ் இசைச் சங்கம். தமிழ்ப் பாட்டு மட்டும் கேக்கணும்னா அங்க போங்க. அனுமதி எப்படின்னு அன்னன்னைக்கு வாசல்ல கேட்டுக்கோங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டுலேருந்து டவுன் பஸ் இருக்கு. 2021 மே மாசத்துலேருந்து சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. பையனுக்கு மட்டும் அரை டிக்கெட். இந்தக் கணக்கு சின்னது மாதிரி தெரியும். மாசக் கடைசியில "போகலாமா, வேண்டாமா"ன்னு மனசு இழுக்கும்போது, காசைக் காரணம் காட்ட முடியாம பண்றது இந்தக் கணக்குதான்.

பிள்ளையோட கச்சேரி கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல பாடுற வர்ணத்துலேருந்து உக்காராதீங்க. மெயின் பாட்டுக்கு முன்னாடி வார்த்தை இல்லாம ராகத்தை மட்டும் இழுக்கிற நீள ஆலாபனை ஓடும், பெரியவங்களுக்கு அதுதான் விருந்து, ஏழு வயசுக்கு அது தண்டனை. தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வர்ற நேரமாப் பாத்து உள்ள போங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு அப்பத்தான் காபிக்கு எந்திரிப்பாங்க. அந்த நாற்காலி உங்களுக்கு. மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி வாசிக்க ஆரம்பிச்சா எந்தப் பிள்ளையும் அசையாது. அப்புறம் துக்கடா. சின்னச் சின்னப் பாட்டு, மெட்டு உடனே புடிபடும். வயலின்காரரோ நாயனக்காரரோ இங்கிலீஷ் நோட் வாசிச்சா உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைச்சது, நம்ம மதுரை மணி ஐயர் பாடிப் பாடி ஊரெல்லாம் பரவினது. பேண்டு வாத்தியம் மாதிரி துள்ளும். என் பையன் அதை "ஐஸ் வண்டிப் பாட்டு"ன்னு சொல்வான். மணி ஐயர் இருந்திருந்தா கோவிச்சிருக்க மாட்டாருன்னு நம்புறேன்.

உக்காரும்போது வரிசை ஓரத்து நாற்காலி, கதவுக்குப் பக்கம். பையில தண்ணி, சத்தம் வராத தின்பண்டம். முறுக்கு வேண்டாம்.

2024 அக்டோபர் 20

நாயனப் பேச்சு எடுத்ததும் ஒருத்தர் வந்து, தில்லானா மோகனாம்பாள் படத்துல வாசிச்சது தஞ்சாவூர்க்காரங்கன்னு எழுதியிருக்காரு. இல்லீங்க. 1968-ல வந்த அந்தப் படத்துக்கு நாயனம் வாசிச்சது நம்ம மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். நாயனம்னா காவிரிக்கரைதான்னு முடிவு பண்ணிடாதீங்க.

2024 நவம்பர் 3

தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கச்சேரிக்குப் போற விஷயம் சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. பெரியம்மா முறையில ஒருத்தங்க அடுப்படியில என் காது கேக்கவே, "வாழாவெட்டிக்குக் கச்சேரி ஒரு கேடா"ன்னாங்க. மதினி ஒருத்தி, "இல்ல, ஆள் பாக்கப் போறாளோ என்னவோ"ன்னு சேத்துச் சொன்னா.

இங்கயும் ஒருத்தர் அதையே வேற வார்த்தையில கேட்டிருக்கீங்க, மறுகல்யாண யோசனை இருக்கான்னு. பதில்: மாப்பிள்ளை பாக்கிறதுக்கு யாரும் தோடி ராகம் கேக்கப் போறதில்ல. அந்த யோசனை வந்தா அதுக்கு வேற வழி இருக்கு, அதுல வெக்கமும் இல்ல. ஆனா பாட்டுக்குப் போறது பாட்டுக்குத்தான். ஆம்பளை ஒருத்தர் வேலை முடிஞ்சு நேரா சபாவுக்குப் போனா "ரசிகர்"னு சொல்றாங்க. அதே நாற்காலியில பொம்பளை உக்காந்தா காரணம் தேடுறாங்க. இதுக்காக நான் போறதை நிறுத்தல. எங்க போறேன்னு மறைக்கவும் இல்ல. பெரியம்மாகிட்ட, "ஆமா பெரிம்மா, அடுத்த தடவை நீங்களும் வாங்க"ன்னேன். வரல. ஆனா அதுக்கப்புறம் அந்தப் பேச்சும் வரல.

2024 நவம்பர் 5

வீட்டுக்காரம்மா ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டுறாங்க, என்ன பண்றதுன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. எனக்கும் அதே கேட்தான். நான் கெஞ்சல. "வாடகை தேதி தவறாம தர்றேன், எனக்கு ஒரு சாவி வேணும்"னு கேட்டு வாங்கினேன். சாவிக் கொத்துல அது ஒண்ணு சேந்ததும் இடுப்புக்கு ஒரு கனம் வந்த மாதிரி இருந்துச்சு.

2024 நவம்பர் 24

முதல்ல எழுதினதுக்கு மேல ஒண்ணு சேக்கணும். பிள்ளையோட போங்க, போங்கன்னே எழுதிக்கிட்டு இருக்கேன். போன வாரம் பையன் சொன்னான்: "நீ மட்டும் போம்மா. எனக்கு அந்தப் பாட்டுக்கு முன்னாடி 'ஆ ஆ'ன்னு பாடுறது பிடிக்கல." கோவமா இல்ல, சாதாரணமாத்தான் சொன்னான். அவனுக்கு தவில் பிடிக்கும், மிருதங்கம் பிடிக்கும். மத்தது பிடிக்கல.

அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போறதுல ஒரு வசதி இருக்கு, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. "பையனுக்குக் கேள்வி ஞானம் வரட்டும்னு கூட்டிட்டு வந்தேன்"னா எல்லாரும் தலையாட்டுவாங்க. எனக்காக வந்தேன்னு சொன்னா அந்தத் தலையாட்டல் இல்ல. ஆனா நான் எனக்காகத்தான் வர்றேன். அவனை மடியில வச்சுக்கிட்டு, அவனுக்கு ஒண்ணுக்கு வருமா, தூக்கம் வருமான்னு பாத்துக்கிட்டே கேட்ட கல்யாணி ராகமும், தனியா உக்காந்து கேட்ட கல்யாணியும் வேற. ரெண்டாவது ஒண்ணு உங்களுக்கும் வேணும். அவன் அப்பாகிட்ட போற ஞாயித்துக்கிழமைகள்ல நான் துணி துவைச்சு, மாவாட்டி, அழுது முடிப்பேன். இப்ப அந்த ஞாயித்துக்கிழமைகள் எங்க கச்சேரி இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கிறேன். துணி திங்கக்கிழமை துவைக்கலாம்.

2024 நவம்பர் 25

"அம்மாவா இருந்துக்கிட்டு தனியா ஊர் சுத்தச் சொல்லித் தர்றீங்களே"ன்னு எழுதினவருக்கு: ஆமா, சொல்லித் தர்றேன்.

2024 டிசம்பர் 8

தனியாப் போனதுல நடந்த இன்னொண்ணு. பிள்ளை கூட இருந்தா பக்கத்துல உக்காந்தவங்க பிள்ளைகிட்டதான் பேசுவாங்க. "பேரென்ன, எந்த ஸ்கூலு?" தனியாப் போனா உங்ககிட்ட பேசுவாங்க.

எடுத்த எடுப்புல யாரும் பேசிடல. ஒரே மாதிரி இடத்துல திரும்பத் திரும்ப உக்காரணும். நான் இடது பக்கம், மிருதங்கக்காரர் கை தெரியுற வரிசை. ரெண்டு வரிசை தள்ளி ஒரு டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க, எப்பவும் சின்ன நோட்டுல பாட்டு வரிசையை எழுதுவாங்க. ஒருநாள் என்னைப் பாத்து, "இது பிலஹரி ராகமா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் நிச்சயமாத் தெரியல. ரெண்டு பேரும் சேந்து குழம்புனோம். மதுரையில என்னை "பையனோட அம்மா"ன்னோ "அந்த மேலூர்க்காரர் மக"ன்னோ தெரியாம ஒருத்தங்க என்கிட்ட பேசினது எத்தனையோ காலத்துக்கப்புறம் அன்னைக்குத்தான். ஒத்தக்கடையிலேருந்து ஒரு அக்கா வர்றாங்க, வீட்டுக்காரர் தவறிட்டாரு, ரெண்டு பொண்ணுங்க. டீச்சரம்மாதான் எங்க ரெண்டு பேரையும் அறிமுகம் பண்ணி வச்சாங்க. "ஒரே வேதனையில இருக்கீங்க, பேசிக்கோங்க"ன்னு சொல்லல. "ரெண்டு பேருக்கும் வீணை பிடிக்கும்"னு சொன்னாங்க. அதுதான் எனக்குப் பிடிச்சது.

2024 டிசம்பர் 10

ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. மனைவி இல்ல, அஞ்சு வயசு மக. ஆம்பளைங்களுக்கு இதைவிடக் கஷ்டம்ங்கிறாரு. பிள்ளை பாதிக் கச்சேரியில பாத்ரூம் போகணும்னா எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறது? இதை நான் யோசிச்சதே இல்ல. உங்க ஒரு கேள்விக்காகவே இதையெல்லாம் எழுதினது பிரயோசனம்.

நான் பண்ணச் சொல்றது இது. உள்ள போனதும் வயசான ஒரு அம்மா பக்கத்துல உக்காருங்க. முன்கூட்டியே சொல்லிருங்க: "அம்மா, பாப்பா எந்திரிச்சா கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா? நான் வாசல்லயே நிப்பேன்." நம்ம ஊர்ல மறுக்கிறவங்க இல்ல. நடுவுல பதறிக்கிட்டுக் கேக்கிறதுதான் சங்கடம். இன்னொண்ணு, கோயில், தெப்பம், ஊர்த் திருவிழான்னு திறந்த இடமாப் பாத்துப் போங்க, கொஞ்ச நாளைக்கு.

2025 ஜனவரி 5

டீச்சரம்மா, ஒத்தக்கடை அக்கா, நான், மூணு பிள்ளைங்க எல்லாருமா அனுமந்தராயன் கோயில் தெருவுல எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த வீட்டைப் பாத்துட்டு வந்தோம். அவங்க பிறந்தது 1916 செப்டம்பர் 16. வீட்டு மேல வீணை அடையாளம் இருக்கும். தெரு ரொம்பச் சின்னது, பைக்கு வந்தா ஒதுங்கி நிக்கணும்.

பெரிய பாடகி பிறந்த இடம்னு பிள்ளைங்களுக்குக் காட்டத்தான் போனோம். எனக்கு அங்க நின்னப்ப நெனப்பு எம்.எஸ். மேல இல்ல, அவங்க அம்மா மேல. மதுரை சண்முகவடிவு வீணை வாசிச்சவங்க. பாட்டி அக்கம்மாள் வயலின். பிள்ளைங்கள்ல சக்திவேல் மிருதங்கம், வடிவாம்பாள் வீணை. பொம்பளைங்க தலையெடுத்து நடத்தின வீடு. அந்தக் கூடத்துல சோறு ஆக்கினதும், சாதகம் பண்ணினதும், பிள்ளையைத் திட்டினதும், வந்த வித்வானுக்கு வாசிச்சுக் காட்டினதும் எல்லாம் அடுத்தடுத்துத்தான் நடந்திருக்கும். பாட்டுக்கு ஒரு காலம், பிள்ளைக்கு ஒரு காலம்னு யாரும் அங்க பிரிச்சு வைக்கல. பிள்ளை வளர்ற வரைக்கும் வீணையை மூடி வச்சிருந்தாங்கன்னா நமக்கு எம்.எஸ். இல்ல.

அக்காவோட சின்னவ, "இந்த வீட்ல இப்ப யாரு பாடுறா?"ன்னு கேட்டா. எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. டீச்சரம்மா மெதுவா ஒரு மீரா பஜனை முணுமுணுத்தாங்க, தெருவுல நின்னுக்கிட்டே.

2025 பிப்ரவரி 12

நேத்து தைப்பூசம், தெப்பத் திருவிழா. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் வெட்டினது. பகல்ல ரெண்டு சுத்து, ராத்திரி ஒரு சுத்து. ராத்திரிச் சுத்துக்குப் போங்க. நடு மண்டபத்துல விளக்கு, தெப்பத்துல விளக்கு, கரையிலேருந்து வடம் பிடிச்சு இழுக்கிறாங்க. நாயனச் சத்தம் தண்ணி மேல வந்துச்சு. தெப்பம் அந்தப் பக்கம் போகப் போக சின்னதாகி, இந்தப் பக்கம் திரும்பினதும் தவில் படார்னு நெஞ்சுல விழும்.

கூட்டம். பிள்ளை கையில பேனாவால போன் நம்பர் எழுதிட்டுப் போங்க, மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டிருங்க, வேர்வையில அழியாது.

2025 மே 14

சித்திரைத் திருவிழா. 12-ஆம் தேதி அழகர் வைகை ஆத்துல இறங்கினாரு. அதுக்கு முந்தின ராத்திரி, அழகரை மதுரைக்காரங்க எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு, நாங்க தல்லாகுளத்துல இருந்தோம். ஆத்துக்குள்ள பிள்ளையோட இறங்காதீங்க, அந்தக் கூட்டம் தாங்காது. எதிர்சேவை ராத்திரி ஒரு ஓரமா உக்காந்துக்கோங்க.

இதை நான் எழுதுறது அழகருக்காக மட்டும் இல்ல, வர்ணிப்புக்காக. அழகர் வர்ணிப்புன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அழகர் மலையிலேருந்து புறப்பட்டு வர்ற கதையை ஒருத்தர் ராகம் போட்டு இழுத்துப் பாடுவாரு, சுத்தி உக்காந்திருக்கிறவங்க நடுநடுவுல குரல் கொடுப்பாங்க. மேடை இல்ல. மைக் இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்ல. எங்க பக்கத்துல ஒரு பெரியவர், கருப்பன் வேசம் கட்டினவர், தோப்பறையை, அதான் தண்ணி பீச்சுற தோல் பையை, மடியில வச்சுக்கிட்டுப் பாடினாரு. தெற்குப் பக்கத்து ஊர் எதுலேருந்தோ குடும்பத்தோட வண்டி கட்டி வந்தவங்க. அவரு பேத்தி தூங்கிருச்சு, என் பையனும் தூங்கிட்டான், ரெண்டும் ஒரே போர்வையில. அவரு மக என்கிட்ட, "உங்க வீட்டுக்காரர் வரலையா?"ன்னு கேட்டா. "நாங்க ரெண்டு பேருதான்"னேன். "ம்"னுட்டு புளியோதரையை என் பக்கம் நகர்த்தி வச்சா. அதுக்கு மேல ஒரு கேள்வி இல்ல.

இவ்வளவு நாளா நான் சபா சபான்னு பாதி எழுதியிருக்கேன். நாற்காலியில உக்காந்து, பாட்டு முடிஞ்சதும் கைதட்டுறது ஒரு வகை. இங்க பாடுறவரும் கேக்கிறவரும் ஒரே பாயில. தனியா இருக்கிறவங்களுக்கு இதுதான் சுலபம்னு இப்ப தோணுது. இடது பக்கம் எந்த வரிசைன்னு யோசிக்க வேண்டாம், எங்க உக்காந்தாலும் நீங்க நடுவுலதான் இருப்பீங்க.

2025 மே 15

டீச்சரம்மாகிட்ட இதைச் சொன்னேன். ஒத்துக்கல. "ஊர்த் திருவிழாவுல யாரும் உன்னை ஒதுக்க மாட்டாங்க, சரி. ஆனா வருசத்துக்கு ஒருதடவை. மனுசி வாராவாரம் பழகணும்னா சபாதான்"ங்கிறாங்க. அதுவும் நியாயம். எங்க மூணு பேரையும் சேத்து வச்சது சபா நாற்காலிதான்.

2025 ஜூன் 9

அம்மா ஊர்ப் பக்கம் வைகாசிப் பொங்கல். ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். ஸ்பெஷல் நாடகம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்றேன்: விடிய விடிய பாட்டும் தர்க்கமும். ராஜபார்ட்னா கதாநாயகன், ஸ்திரீபார்ட்னா கதாநாயகி, அப்புறம் கோமாளியா பபூன், டான்ஸ். மேடை ஓரத்துல ஆர்மோனியம், மிருதங்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்து வச்ச பாதை. 1918-ல அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபைய ஆரம்பிச்சது நம்ம மதுரையில. இன்னைக்கும் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு நடிகர்கள் மதுரையிலேருந்துதான் போறாங்க.

பிள்ளையோட போறவங்களுக்கு ஒண்ணு. ஆரம்பத்துல பபூனும் டான்ஸும் வர்ற பகுதியில ரெட்டை அர்த்தப் பேச்சு ஜாஸ்தி. அந்த நேரம் நாங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். பன்னெண்டுக்கு மேல போய்ப் பாய் விரிச்சோம். பொம்பளைங்க பக்கம் பூராவும் பாய், தலையணை, தூங்குற பிள்ளைங்க. வள்ளி தினைப்புனத்துல குருவி விரட்டுற ஆலோலம் பாட ஆரம்பிச்சப்ப ஆர்மோனியக்காரர் பின்பாட்டுல மேல போனாரு பாருங்க, என் பக்கத்துல பாதித் தூக்கத்துல இருந்த ஆத்தா, கண்ணைத் திறக்காமலே "ஆகா"ன்னுச்சு. நாரதர் வந்து வள்ளியோட தர்க்கம் பண்றது விடியுற வரைக்கும் போச்சு. முருகன் வேலனா, வேடனா, கிழவனா வர்றதுக்குள்ள பையன் முழிச்சு, தூங்கி, மறுபடி முழிச்சு, "இன்னும் கல்யாணம் ஆகலையா?"ன்னு கேட்டான்.

அந்தக் கூட்டத்துல நான் எண்ணிப் பாக்கல, ஆனா பிள்ளையோட தனியா வந்த பொம்பளைங்கதான் அதிகம். புருசன் திருப்பூர்ல, புருசன் சிங்கப்பூர்ல, புருசன் இல்ல, புருசன் இருந்தும் இல்ல. யாரும் யாரையும் கேக்கல. நாங்க புதுசா எதையும் பண்ணிக்கிட்டு இல்லன்னு அன்னைக்கு விளங்குச்சு. நம்ம ஆத்தாமார் பாயைச் சுருட்டி இடுப்புல வச்சுக்கிட்டு, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, பாட்டு கேக்கப் போய்க்கிட்டேதான் இருந்திருக்காங்க.

2025 ஜூலை 20

ஆடி வந்தாச்சு. தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குக் கூழ், முளைப்பாரி, ஆர்கெஸ்ட்ரா. லைட் மியூசிக்கைக் குறைச்சுப் பேசியிருக்கீங்க ரெண்டு மூணு பேரு. எனக்கு அப்படி இல்ல. பாடகர் டி.எம்.எஸ்., அதான் டி.எம். சௌந்தரராஜன், 1922-ல பிறந்த ஊர் இது. அவர் பாட்டை நம்ம தெருப் பையன் ஒருத்தன் நரம்பு புடைக்கப் பாடுறதைக் கேட்டு ஒரு தெருவே கூடப் பாடும்போது, அதுவும் நேர்ல கேக்கிற சங்கீதம்தான். ஒண்ணு மட்டும், பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாடி பிள்ளையை நிக்க வைக்காதீங்க. காதுக்கு ஆகாது. மேடைக்கு எதிர்ல தூரமா, வீட்டுத் திண்ணை எதுலயாவது.

பையன் நையாண்டி மேளத்துக்கு முன்னாடி ஆடினான். பம்பைக்காரர் இவனுக்காகவே ரெண்டு நடை கூட வாசிச்சாரு. தவில் கத்துக்கணுமாம். விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். ஜவகர் சிறுவர் மன்றத்துல சனி ஞாயிறு கலை வகுப்பு உண்டு, அஞ்சு வயசுலேருந்து சேக்கலாம். பசுமலை அரசு இசைக் கல்லூரியில தவில் சொல்லித் தர்ற ஒருத்தரையும் பாக்கணும்.

2025 ஆகஸ்ட் 9

பிள்ளையை யார்கிட்ட விடுறதுன்னு கேட்டவங்களுக்கு, நாங்க பண்றதை அப்படியே சொல்றேன். இப்ப நாலு வீடு: நான், ஒத்தக்கடை அக்கா, அந்த அஞ்சு வயசு மக இருக்கிற அண்ணன், கோரிப்பாளையத்துலேருந்து புதுசா ஒரு தங்கச்சி. டீச்சரம்மா எல்லாருக்கும் பொது. கச்சேரி அன்னைக்கு ஒரு வீடு பிள்ளைகளைப் பாத்துக்கும், மத்தவங்க போவாங்க. அண்ணன் முறை வந்தா பிள்ளைகளை டீச்சரம்மா வீட்லதான் வச்சுப்பாரு, அவரே கேட்டுக்கிட்டது. காசு கிடையாது. ராத்திரிச் சாப்பாடு பாத்துக்கிற வீட்டோடது. காய்ச்சல்னா காலையிலேயே சொல்லிரணும். பிள்ளையைக் கூப்பிட வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வந்துரணும், கச்சேரி முடிக்கிற மங்களம் பாடலேன்னாலும். "உங்க அப்பா எங்க, அம்மா எங்க"ன்னு எந்தப் பிள்ளைகிட்டயும் பெரியவங்க யாரும் கேக்கக் கூடாது, பிள்ளைங்களா சொன்னா கேட்டுக்கலாம். இந்தக் கடைசி விதி அக்காவோட பெரியவ சொன்னது.

சண்டையும் வந்துச்சு. ஒருதடவை ரெண்டு பேரு ஒரே கச்சேரிக்குப் போகணும்னு நின்னோம். சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.

இன்னைக்கு என் முறை. வீணைக் கச்சேரி, நான் ரொம்ப எதிர்பாத்தது. அக்காவும் தங்கச்சியும் அண்ணனும் கிளம்பிட்டாங்க. மெயின் எந்த ராகம்னு எழுதிட்டு வரணும்னு டீச்சரம்மாவோட நோட்டைக் கொடுத்து விட்டிருக்கேன். இங்க வீடு நிறைய பிள்ளைங்க, ஒரு எவர்சில்வர் குடம், ரெண்டு கரண்டி. யாரு தவிலு, யாரு நாயனம்னு தகராறு போய்க்கிட்டு இருக்கு. தோசை ஊத்தணும், மீதியை அப்புறம் எழுதுறேன்.